பசை காய்வதற்குள்

மியாசாக்கி நகரிலிருந்து கிளம்பும் ரயில் கொஞ்ச நேரத்தில் கடலோரத்தை விட்டு விலகி மேற்கே மலைக்குள் புகுகிறது. சுரங்கம், சரிவு முழுக்க நெடுநெடுவென்று நிற்கும் சுகி மரங்கள், மறுபடியும் சுரங்கம். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மலைகள் இருபக்கமும் ஒதுங்கிக்கொள்ள, வயல்களும் மாட்டுத் தொழுவங்களுமாக ஒரு பெரிய சமவெளி விரிகிறது. மியாகோனோஜோ. ஜப்பானின் கியூஷு தீவில் தெற்கே, கிரிஷிமா எரிமலைத் தொடரின் காலடியில் இருக்கும் ஊர். 2011-இல் அந்தத் தொடரின் ஷின்மோஎ மலை வெடித்தபோது இங்கே சாம்பல் மழையாகக் கொட்டியிருக்கிறது. நான் போய் இறங்கிய ஜனவரிக் காலையில் ஊரை மூடியிருந்தது வெறும் பனிமூட்டம்தான். நாலுபுறமும் மலை சூழ்ந்த பள்ளம் என்பதால், குளிர்காலத்தில் வெயில் ஏறும்வரை அது கலைவதில்லை.

ஜப்பானியர்களிடம் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் மாட்டிறைச்சி என்பார்கள், சர்க்கரைவள்ளிக் கிழங்கில் வடிக்கும் ஷோச்சு என்பார்கள். வில் பழகுகிறவர்களுக்கு மட்டும் இது வில்லூர். ஜப்பானில் செய்யப்படும் மூங்கில் வில்லில் பத்துக்கு ஒன்பது இந்த வட்டாரத்தில் செய்யப்படுபவை. 1994-இல் அரசு இதை மரபுக் கைவினைப் பொருளாக அறிவித்தது. ‘மியாகோனோஜோ தாய்க்யூ’, அதாவது மியாகோனோஜோ பெருவில் என்று பெயர். பயிற்சிக்கான மர வாள்களும் பெருமளவு இங்கிருந்துதான் நாடெங்கும் போகின்றன. சத்சுமா நாட்டை ஆண்ட ஷிமாசு குலத்துக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தச் சமவெளியிலிருந்த ஷிமாசு பண்ணையால்தான். போர்க்கலையை விடாமல் பேணிய குலம் அது. அதன் நிழலில் வில் தொழில் வேர் பிடித்தது இயல்பு. ஆனால் வேர் பிடித்ததற்கு அதைவிட எளிய காரணமும் உண்டு. நல்ல மூங்கிலும் ஹாசே மரமும் இந்த மழை மண்ணில் தாராளமாக வளர்கின்றன.

குளிர்காலம் பார்த்து வரச்சொன்னது நண்பன். ஃபுகுவோக்காவில் வேலை பார்க்கிறான், பல வருடமாகக் கியூதோ என்னும் வில் பயிற்சிக்குப் போகிறான். “வெயில் காலத்துல வந்தா செஞ்சு முடிச்ச வில்லைத்தான் பார்ப்பே. ஒட்டுறதைப் பார்க்கணும்னா குளிர்ல வாடா” என்றான். அவனுடைய ஆசிரியர் மூலம் சொல்லிவைத்து, ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி வாங்கியிருந்தான். பட்டறைக்காரர் எழுபதைக் கடந்தவர். அவர் பேசியதெல்லாம் நண்பனின் வாய்வழியாகத்தான் எனக்கு வந்தது. இருவருக்கும் நான் கடன்பட்டவன்.

பட்டறை சாலையிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. பின்கட்டுக்குப் போனால்தான் வாசனை அடிக்கிறது. சூடான மூங்கிலின் இனிப்பு கலந்த நெடி, அதற்கடியில் வச்சிரம் காயும் மணம். நம் ஊர்ப் பழைய தச்சுக் கூடங்களில் கொதித்துக்கொண்டிருக்குமே, தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த அந்தப் பசை, அதே இனம்தான் இங்கும். கூரையடியில் மூங்கில் பிளாச்சுகள் கட்டுக்கட்டாகச் சொருகியிருந்தன. சில வெளிர் மஞ்சள், சில புகையில் பழுத்துத் தேன் நிறமானவை. ஒவ்வொரு கட்டிலும் வருடம் எழுதிய சீட்டு தொங்கியது.

ஜப்பானிய வில்லைக் கையில் பிடிக்காதவர்களுக்கு அதன் அளவைச் சொல்லியாக வேண்டும். வழக்கமான வில் 221 சென்டிமீட்டர் நீளம். ஆளைவிட உயரம். பிடி நடுவில் இல்லை, அடியிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறது. அதனால் மேல்கை நீளம், கீழ்க்கை குட்டை, இரண்டும் வேறுவேறு வளைவு. நாணைக் காதுக்குப் பின்னால்வரை இழுக்கிறார்கள். சராசரி உயரமுள்ள ஆளுக்கு அம்பு 90 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் உள்ளே வருகிறது. இவ்வளவு தூரம் வளைந்தும் முறியாமல், ஆயிரக்கணக்கான முறை வளைந்தும் தளராமல் இருக்க வேண்டும். எந்த ஒற்றை மரமும் இதை நெடுநாள் தாங்காது. அதனால்தான் அடுக்கு.

வில்லைக் குறுக்கே அறுத்த ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் அகலம். மேலே ஒரு மூங்கில் பட்டை, கீழே ஒரு மூங்கில் பட்டை, இரண்டின் தோலும் வெளிப்பக்கம் பார்த்திருந்தன. நடுவில் நான்கு மெல்லிய மூங்கில் சிம்புகள் படுக்காமல் செங்குத்தாக நின்றன. அந்த நான்குக்கும் இடமும் வலமும் காவலாக ஆழ்ந்த மஞ்சள் நிறத்தில் ஹாசே மரம். நடுச் சிம்புகளுக்கு ‘ஹிகோ’ என்று பெயர். மூன்றும் வைப்பார்கள், நான்கும் வைப்பார்கள், ஐந்தும் உண்டு. ஹிகோவின் ஓரங்கள் பழுப்பாக இருந்தன, நெருப்பில் வாட்டிய தடம். வில் முடிந்து நிமிர்ந்தபின் இந்த ஹிகோ யார் கண்ணுக்கும் படாது. முன்னும் பின்னும் மூங்கில் மூடுகிறது, பக்கங்களை ஹாசே மூடுகிறது, நுனிகளை ஹாசே மரத் தக்கைகள் மூடுகின்றன. ஆனால் பெரியவரின் நாட்களில் பெரும்பகுதி அந்த மறைந்த சிம்புகளுக்குத்தான் போகிறது.

மூங்கில் ஏன் தோல் வெளியே பார்க்க வேண்டும்? மூங்கிலின் பலமெல்லாம் தோலுக்கு அடுத்த பகுதியில்தான் நெருங்கிக் கிடக்கிறது. உள்ளே போகப்போக நார் குறைந்து சதை மிகுகிறது. வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கும் பக்கம் நீள்கிறது, எய்பவரைப் பார்க்கும் பக்கம் சுருங்குகிறது. மிகுந்த பாடு படுவது இந்த இரண்டு முகங்கள்தான். அங்கே நார் அடர்ந்த தோல்பக்கம் இருக்க வேண்டும். நடுப்பகுதி நீள்வதும் குறைவு, சுருங்குவதும் குறைவு. அதற்கு வேறு வேலை. முன்னும் பின்னும் இருக்கும் முகங்கள் ஒன்றையொன்று கடந்து நழுவப் பார்க்கும், அந்த நழுவலைத் தடுத்துப் பிடித்துக்கொள்வது நடுப்பகுதிதான். எடை குறைவாக, ஆனால் விறைப்பாக, வளைத்துவிட்டால் சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பும் பொருள் அங்கே வேண்டும். நெருப்பில் வாட்டிய மூங்கிலைவிட அதற்குப் பொருத்தமானது இந்த மண்ணில் கிடைக்கவில்லை.

இந்த அடுக்கு ஒரே நாளில் யாருக்கும் தோன்றியதல்ல. பழைய ஜப்பானிய வில் முழு மரத்தில் செதுக்கியது. ஹெயான் காலத்தின் பிற்பகுதியில் மரத்தின் வெளிமுகத்தில் மட்டும் ஒரு மூங்கில் பட்டையை ஒட்டிப் பார்த்தார்கள். பிறகு உள்முகத்திலும் ஒட்டினார்கள். அதன்பின் நாலு பக்கமும் மூங்கில் மூடிய வில் வந்தது. கடைசியில்தான் நடு மரத்தையே எடுத்துவிட்டு, அங்கே ஹிகோவை நிறுத்தினார்கள். ஒவ்வொரு படியும் பல தலைமுறை. எடோ காலத்தில் இந்த முன்னேற்றத்துக்குப் போட்டியும் உந்துதல் தந்தது. கியோத்தோவில் சான்ஜூசாங்கென்தோ கோயிலின் நீண்ட தாழ்வாரத்தில், தாழ்ந்த இறவாரத்துக்கு அடியில், ஏறக்குறைய 120 மீட்டர் தூரம் எதிலும் முட்டாமல் அம்பைக் கடத்த வேண்டும். 1686-இல் வாசா தாய்ஹாச்சிரோ என்ற இளைஞர் ஒரு பகலும் ஓர் இரவுமாக 13,053 அம்பு விட்டார், அதில் 8,133 அம்பு தாழ்வாரத்தைக் கடந்தது. அத்தனை அம்புக்கும் தளராத கையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தளராத வில்லைப் பற்றி நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூங்கிலை வெட்டுவது நவம்பர், டிசம்பரில். அப்போதுதான் தண்டில் நீரும் மாவும் குறைந்திருக்கும், பூச்சி தட்டாது. மூன்று வயது மூங்கில் வேண்டும். இளசு நீர் கோத்திருக்கும், கிழடு உடையும். காட்டில் நிற்கும் மூங்கிலின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். தோலின் நிறம், கணுவடியில் படிந்த வெண்பூச்சு, தட்டினால் எழும் ஓசை என்று சொல்லிக்கொண்டே வந்தவர், “பார்த்தால் தெரியும்” என்று முடித்தார். வெட்டிய மூங்கிலைத் தீயில் காட்டி, தோலில் கசியும் எண்ணெயைத் துணியால் துடைத்து எடுக்கிறார்கள். அதன்பின் குளிர்கால வெயிலில் காயவைக்கிறார்கள். பச்சை போய் வெளிர் மஞ்சள் வருகிறது. அதோடு முடியவில்லை. பிளந்து, கட்டி, கூரையடியில் ஏற்றிவிட வேண்டும். அந்தச் சீட்டுகளில் இருந்த வருடங்கள் அதற்குத்தான். அவர் அன்று ஒட்டவிருந்த வில்லுக்கான மூங்கில் எப்போதோ வெட்டியது.

ஹாசே மரம் பற்றி ஒரு வார்த்தை. இதன் காயிலிருந்து மெழுகு எடுப்பார்கள். ஜப்பானிய மெழுகுவத்தியும் சுமோ வீரர்கள் தலைக்குப் பூசும் எண்ணெய்க்கட்டியும் அந்த மெழுகில் செய்தவை. அரக்கு மரத்துக்கு மிக நெருங்கிய உறவு. நம் மாவும் முந்திரியும் சேராங்கொட்டையும் இந்தக் குடும்பம்தான். சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்பது நமக்குத் தெரியும். ஹாசேயின் பாலும் அப்படித்தான் தடிப்பையும் அரிப்பையும் கிளப்பும். மெழுகுக்காக நட்டு வளர்த்த மரம் வில்லுக்கும் ஆகிவந்தது. அது வளையும், சிறிய அதிர்ச்சியை விழுங்கிக்கொள்ளும், மூங்கிலோடு சண்டை போடாமல் ஒட்டும்.

பெரியவர் ஹிகோ இழைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நீண்ட பலகையில் சிம்பைக் கிடத்தி, ஒரு முனையை முளையில் முட்டக் கொடுத்து, சிறிய இழைப்புளியைத் தன் பக்கமாக இழுக்கிறார். நம் ஆசாரிகள் தள்ளி இழைப்பார்கள், ஜப்பானியர் இழுத்து இழைக்கிறார்கள். சீவல் கிழியாமல் ஒரே நாடாவாக வந்து மடியில் விழுகிறது. கணு வரும் இடத்தில் நார் திசைமாறும், அங்கே கத்தி தட்டும். அவர் கை அந்தத் தட்டலுக்கு அரை நொடி முன்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறது. இரண்டு இழுப்புக்கு ஒரு தரம் சிம்பை எடுத்து, இரு முனையையும் பிடித்து மெல்ல வளைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பார்க்கிறார். வளைவில் எங்காவது மூலை தட்டினால் அந்த இடம் தடிப்பு. ஒரு சீவல் எடுப்பார். மறுபடி வளைப்பார். நடுவிலிருந்து நுனிக்குப் போகப்போகச் சிம்பு மெலிய வேண்டும். மேல்கைக்கு ஒரு கணக்கு, கீழ்க்கைக்கு இன்னொரு கணக்கு.

ஒரு பட்டையைக் கொஞ்சம் கூடுதலாக இழைத்துவிட்டால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். கனம் இரட்டித்தால் விறைப்பு இரட்டிக்காது, எட்டு மடங்காகும். கனத்தின் மூன்றாம் அடுக்கில் விறைப்பு ஏறி இறங்குகிறது. அதனால் பத்து மில்லிமீட்டர் கனத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சீவலில் வில் ஒருவருக்குப் பொருந்தும், இன்னொருவருக்குப் பொருந்தாது. பெரியவர் சூத்திரம் எதுவும் சொல்லவில்லை. சிம்பை என் விரலில் வைத்து, “இது இன்னும் கனம்” என்றார். எனக்கு அது எடையே இல்லாத குச்சியாகத்தான் தெரிந்தது.

சிம்புகளும் ஹாசேயும் முதலில் தனியாக ஒட்டப்பட்டு ஒரே நடுக்கட்டையாகின்றன. அது காய்ந்தபின் அதன் இரு முகங்களையும் மறுபடி இழைத்து மட்டமாக்குகிறார். வெளி மூங்கிலின் உட்புறத்தையும் அப்படியே. எல்லாம் முடிந்து, பட்டையை நடுக்கட்டைமேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். 221 சென்டிமீட்டரில் எங்கும் ஒளி கசியவில்லை. பசை இடைவெளியை நிரப்பும் என்று நம்பி விட்டால், தடித்த பசை உள்ள இடத்தில்தான் வில் முதலில் வாய் பிளக்கும். வெறும் மரமும் மூங்கிலும் பசையில்லாமலே பொருந்தி நிற்க வேண்டும். பசை அதற்குப் பிறகு.

இந்தப் பசைக்கு ‘நிபே’ என்று பெயர். மான் தோலைக் காய்ச்சி எடுப்பது. இதனால்தான் குளிர்காலம். வெயில் காலப் புழுக்கத்தில் இந்தப் பசை இறுகாமல் கொழகொழவென்று நிற்கும். குளிரில் சீக்கிரம் இறுகும், ஆனால் சீக்கிரம் என்பதே ஆபத்து. எனவே பட்டைகளை முதலில் அடுப்பில் சூடேற்றுகிறார்கள். இன்று பெரும்பாலான பட்டறைகள் செயற்கைப் பசைக்கு மாறிவிட்டன. அதில் எந்த மாதமும் ஒட்டலாம், மழைக்கும் வெயிலுக்கும் அஞ்ச வேண்டாம், விலையும் குறையும். மாறியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வருடம் முழுக்கச் சாப்பிட வேண்டிய குடும்பங்கள் அவை. ஆனால் என் மனம் நிபே பக்கம்தான் சாய்கிறது. இந்தப் பசை காய்ந்த பிறகும் கொஞ்சம் இளக்கம் வைத்திருக்கிறது, அம்பு விடும்போது கைக்கு வரும் அதிர்வு மென்மையாக இருக்கிறது என்று நண்பனும் அவன் ஆசிரியரும் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் வேறு. சூடும் ஈரமும் காட்டினால் இந்தப் பசை மறுபடி இளகும். ஒரு பட்டை பிரிந்துவிட்டால், பிரித்து, துடைத்து, மறுபடி ஒட்டலாம். செயற்கைப் பசையில் ஒட்டிய வில் பிளந்தால் இந்த வழி கிடையாது. பழுது பார்க்க முடிகிற பொருளைச் செய்வது உயர்ந்த தொழில் என்று நான் நினைக்கிறேன்.

மதியத்துக்குப் பிறகு ஒட்டும் வேலை தொடங்கியது. பெரியவரின் மகன் அடுப்பில் பட்டைகளை ஓடவிட்டுச் சூடேற்றினார். பெரியவர் ஒரு கூடை நிறைய ஆப்புகளைக் கொண்டுவந்து வைத்தார். மூங்கில் ஆப்புகள், பயன்படுத்திப் பயன்படுத்தித் தலை மழுங்கி மினுங்கின. அதுவரை தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தூரிகை, பசை, ஒரு முகம், மறுமுகம். வெளி மூங்கில், நடுக்கட்டை, உள் மூங்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. கணுக்கள் முன்னும் பின்னும் ஒரே இடத்தில் சந்திக்காதபடி தள்ளித் தள்ளி வரும்படி முன்பே குறித்து வைத்திருந்தார். உடனே மகன் ஒரு முனையிலிருந்து கயிறு சுற்றத் தொடங்கினார், விரலளவு இடைவெளி விட்டு, இறுக்கி, இறுக்கி. இடையிலிருந்து பசை முத்து முத்தாகப் பிதுங்கியது.

பிறகு ஆப்பு. கயிற்றுக்கும் மூங்கிலுக்கும் நடுவே ஆப்பைச் செருகி, கொட்டாப்புளியால் ஓர் அடி. வில்லைப் புரட்டி, எதிர்ப்பக்கம் ஓர் ஆப்பு, ஓர் அடி. கீழிருந்து மேலே போய், மறுபடி கீழே வந்து, முதலில் செருகியதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி. ஒரு வில்லுக்கு நூறுக்கும் மேற்பட்ட ஆப்புகள். கயிறு முனகத் தொடங்கியது. நேராகக் கிடந்த அடுக்கு மெதுவாக முதுகுப்பக்கம் வளைய ஆரம்பித்தது. பெரியவர் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, முழங்காலால் அழுத்தி, தூக்கிப் பார்த்து, ஓர் ஆப்பைத் தட்டி, இன்னொன்றைத் தளர்த்தி, மறுபடி பார்த்தார். பசை ஆறுகிறது. அதற்குள் 221 சென்டிமீட்டரும் அவர் மனத்தில் இருக்கும் கோட்டில் வந்து நிற்க வேண்டும். நெற்றி வியர்த்திருந்தது. வெளியே மூச்சு புகையாகத் தெரியும் குளிர்.

என்ன நடக்கிறது என்பது அந்த அறையில்தான் எனக்குப் புரிந்தது. ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்கள். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி, ஓரம் சரிவாகும். வளைத்த நிலையிலேயே தாள்களை ஒட்டிவிட்டால் அது மறுபடி நேராகாது, நழுவ வழியில்லை. வில்லிலும் அதுதான். பசை ஈரமாக இருக்கும்போது பட்டைகள் நழுவுகின்றன, பசை காய்ந்ததும் நழுவல் நின்றுவிடுகிறது. மூங்கிலுக்கு இயல்பில் இல்லாத ஒரு வளைவு அதன் நிரந்தர நிலையாகிவிடுகிறது. அந்த வளைவு வில் வளைய வேண்டிய திசைக்கு நேர் எதிரானது. நாண் ஏற்றுவதற்கே அதைப் புரட்டி மறுபக்கம் வளைக்க வேண்டும். எய்வதற்கு முன்பே வில்லுக்குள் விசை சேர்ந்துவிடுகிறது. ஆப்பு அடித்த அந்தக் கொஞ்ச நேரத்தில் தவறவிட்டது எதையும் பிறகு இழைத்துச் சரிசெய்ய முடியாது. இழைத்தால் கனம் போகும், வளைவு வராது.

முதல் முறையாக நாண் ஏற்றுவது இதைவிடப் பயமானது. வேறொரு வில்லில் அதைச் செய்து காட்டினார்கள். ஆப்பும் கயிறும் கழற்றியபின் அது எதிர்த்திசையில் பெரிய பிறையாக நின்றது. அதை ஒரு மரச்சட்டத்தில் மாட்டி, கயிறு போட்டு, இருவருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மறுபுறம் இழுத்தார்கள். உள்ளே எங்காவது பொருத்தம் தப்பியிருந்தால் இப்போது தெரிந்துவிடும். மூங்கில் கிறீச்சிட்டது. மகன் இழுப்பதை நிறுத்தித் தந்தையைப் பார்த்தார். அவர் பட்டையில் காது வைத்துக் கேட்டு, தலையசைத்தார். நாண் ஏறியது.

ஏறிய வில்லை அப்படியே சில காலம் விட்டு, வளைவு எங்கே மிகுகிறது எங்கே குறைகிறது என்று பார்த்துப் பார்த்துப் பக்கங்களைச் செதுக்குகிறார்கள். வெட்டுவதிலிருந்து கடைசி மெருகுவரை இருநூறு வேலை என்று கணக்குச் சொல்வது வழக்கம். முடிந்த வில்லில் ஒரு விசித்திரத்தைக் காட்டினார். பின்னாலிருந்து நேராகப் பார்த்தால் நாண் வில்லின் நடுவில் ஓடவில்லை, வலது ஓரத்தை ஒட்டி ஓடுகிறது. அம்பு வில்லின் வலப்பக்கம் வைக்கப்படுகிறது. நாண் நடுவே இருந்தால் அம்பு வெளிப்பக்கமாக விலகிப் போகும், வலப்பக்கம் சாய்ந்திருந்தால் நேரே போகும். இந்தச் சாய்வையும் ஆப்பு அடிக்கும்போதே தொடங்கிவிடுகிறார்கள்.

1945-க்குப் பிறகு அமெரிக்கப் படை ஆட்சியில் போர்க்கலைப் பயிற்சிகளுக்குத் தடை இருந்தது. 1949-இல் அகில ஜப்பான் கியூதோ கூட்டமைப்பு தொடங்கிய பிறகு வில் மறுபடி பள்ளிக்கூடங்களுக்குள் வந்தது. அதன்பின் வந்த கண்ணாடியிழை வில் மாணவர்களின் கைக்குப் போனது. விலை குறைவு, மழை பட்டாலும் கவலையில்லை, யார் எப்படி இழுத்தாலும் தாங்கும். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வில்லைத் தொட முடிவதே அதனால்தான். மூங்கில் பட்டறைகள் குறைந்ததும் அதனால்தான். இரண்டும் உண்மை.

நண்பன் மாலையில் என்னை ஒரு பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனான். 28 மீட்டர் தூரத்தில், மணல் மேட்டில், 36 சென்டிமீட்டர் விட்டமுள்ள இலக்குகள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று எய்தார்கள். கண்ணாடியிழை வில்லில் நாண் அடிக்கும்போது வறண்ட ஓர் ஓசை. கடைசியில் நின்ற நடுவயதுப் பெண்மணி ஒருவரின் மூங்கில் வில் மட்டும் நீண்டு ஒலித்தது. முடித்ததும் அவர் உடனே நாணைக் கழற்றினார். வில் மெல்ல எதிர்ப்புறம் வளைந்து நின்றது. அதை ஒரு துணியால் அடிமுதல் நுனிவரை அழுத்தித் தேய்த்தார், கை சூடேறும்வரை. குளிரில் மூங்கிலைத் தேய்த்துச் சூடாக்காமல் இழுக்கவும் கூடாது, எய்து முடித்ததும் தேய்க்காமல் வைக்கவும் கூடாது என்று நண்பன் சொன்னான். அவனிடம் இருப்பது இன்னும் கண்ணாடியிழை வில்தான்.

மறுநாள் கிளம்பும் முன் பட்டறைக்கு மறுபடி போனோம். முந்தைய நாள் ஒட்டிய வில் கயிறும் ஆப்புமாகச் சுவரில் சாய்ந்திருந்தது. நண்பன் தயங்கித் தயங்கி, தனக்கு ஒரு வில் வேண்டும் என்று கேட்டான். பெரியவர் விலையைப் பற்றி முதலில் பேசவில்லை. அவனை நிற்கச் சொல்லி, அம்பின் நீளம் கேட்டார், இப்போது எத்தனை கிலோ இழுக்கிறாய் என்று கேட்டார். பதினான்கு என்றான். ரப்பர் நாண் கட்டிய ஒரு பயிற்சிக் கட்டையைக் கொடுத்து இழுக்கச் சொல்லி, பக்கவாட்டில் நின்று தோளையும் இடது மணிக்கட்டையும் பார்த்தார். இரண்டு முறை இழுக்க வைத்தார். பிறகு பதின்மூன்றுக்குச் செய்கிறேன் என்றார். மூங்கில் கண்ணாடியிழை மாதிரி இல்லை, முதல் வருடம் அதற்கு நீ பழக வேண்டும், பிறகுதான் அது உனக்குப் பழகும் என்று காரணம் சொன்னார். நண்பன் எப்போது கிடைக்கும் என்றான். கூரையடியில் இருந்த கட்டுகளை அண்ணாந்து பார்த்து, ஒன்றின் சீட்டைத் திருப்பி வாசித்துவிட்டு, இந்தக் குளிரில் பசைக்கான நாட்கள் முடியப்போகின்றன, அடுத்த டிசம்பரில் ஒட்டலாம் என்றார். ஒரு பழைய நோட்டில் அவன் பெயரையும் அம்பின் நீளத்தையும் எழுதிக்கொண்டார்.